எவர்சில்வர் தொட்டி வாங்குமுன்

உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் பனை ஏறுகிறவர்கள் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விடிகாலையில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சொட்டுகிற சாறும் ஒன்று. பாத்திரத்தின் உட்சுவர்தான் குடிக்கிற பொருளைத் தீர்மானிக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திராட்சை ஒயினுக்கும் இதே விதிதான். சின்ன அளவில் ஒயின் ஆலை தொடங்க நினைக்கிறவர்கள் திராட்சை ரகம், ஈஸ்ட், பாட்டில், லேபிள் என்று ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். தொட்டி என்று வரும்போது மட்டும் "ஆயிரம் லிட்டர் எஸ்.எஸ். டேங்க் என்ன விலை?" என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. டீ வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூத்துக்குடியில் உட்கார்ந்து ஒயினைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்துக் கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடற்பயணக் கையேடு இதன் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. முத்தையும் மிளகையும் ஏற்றிப்போன யவனர் கப்பல்கள் வரும்போது ஒயின் கொண்டுவந்தன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் தந்த மதுவைச் சொல்கிறார். அந்த ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. சுட்ட மண் கசியும் என்பதால் ஜாடியின் உட்புறத்தில் பிசின் பூசினார்கள். கசிவு நின்றது, பிசினின் வாசம் ஒயினில் ஏறியது. பின்னால் மரப்பீப்பாய் வந்தது. அதுவும் தன் வாசத்தைக் கொடுத்தது, கொஞ்சம் காற்றையும் உள்ளே விட்டது.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். பிரான்சில் போர்தோவின் பழம்பெரும் ஆலையான ஷாத்தோ ஓ-பிரியோன் 1961இல் நொதிக்கவைக்க எவர்சில்வர் தொட்டிகளை வைத்தது. வாசம் கொடுக்காது, காற்று விடாது, கழுவுவது எளிது, வெளியிலிருந்து குளிர்விக்கலாம். கடைசியில் சொன்னதுதான் நமக்கு முக்கியம். நாசிக் போன்ற வெயில் பூமியில் இன்று நல்ல ஒயின் பிறக்கிறதென்றால், குளிர்விக்கும் வசதி கொண்ட எவர்சில்வர் தொட்டிக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கரையில் ஒயினுக்கு இன்னோர் இடமும் இருக்கிறது. 1542இல் புனித சவேரியார் வந்து இறங்கிய முத்துக்குளித்துறை இது. பனிமய மாதா கோயிலிலிருந்து மணப்பாடு வரை எல்லாப் பீடங்களிலும் திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும். அந்த இரசம் திராட்சையிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு சொல்கிறது. கெட்டுப்போகாமல் வைத்திருப்பதற்குத்தான் தொட்டி.

திராட்சைக்கு நாம் பார்க்க வேண்டிய இடம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கூடலூரிலோ சுருளிப்பட்டியிலோ தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், அல்லது அங்கிருந்து பழம் வாங்கிக் கடலோரத்தில் ஆலை போட நினைக்கும் ஒருவர், இவர்களை மனத்தில் வைத்தே இனிச் சொல்லப்போவது எல்லாம். தமிழ்நாட்டில் ஒயின் தயாரிக்க 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். அது கைக்கு வருமுன் தொட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எந்த எஃகு?

எவர்சில்வரில் பல வகை உண்டு. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து மேற்பரப்பில் ஒரு படலம் உண்டாக்கும். சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறினால் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். எஃகைத் துருவிலிருந்து காப்பது அந்தப் படலம்தான். எனவே எந்த எஃகு வாங்கினாலும் கேட்க வேண்டியது ஒன்றே: நாம் ஊற்றப்போகும் பொருளிலும் நாம் வைக்கப்போகும் இடத்திலும் அந்தப் படலம் தாங்குமா?

ஒயின் அமிலம் உள்ள பொருள். அதன் பி.ஹெச். அளவு பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில் இருக்கும். முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், நம் முத்து ஒன்றைப் புளித்த ஒயினில் போட்டு வைத்தால் மெல்லக் கரையும். அந்த அமிலத்தை மாதக்கணக்கில் தாங்குகிற உலோகம் வேண்டும். சாதா இரும்போ பித்தளையோ பட்டால் இரும்பும் செம்பும் ஒயினில் கரைந்து கலங்கல் உண்டாகும், சுவையும் கெடும்.

பட்டறைகளில் நீங்கள் கேட்கப்போகும் எண்கள் மூன்று. முதலாவது 304. இதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். உலகம் முழுக்கப் பால், ஒயின், பழச்சாறு தொட்டிகளில் பெரும்பாலானவை இதுதான். இரண்டாவது 316. இதில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பை எதிர்த்து நிற்கும் வலு அதனால் கூடுகிறது. விலையும் கூடுதல். மூன்றாவது 202, அதோடு சேர்த்து ஜே4 என்று விற்கப்படும் ரகம். இவற்றில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். பார்வைக்கு 304 போலவே மினுங்கும். படிக்கட்டுக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் ஆகும். அமிலமும் உப்பும் உள்ள இடத்துக்கு ஆகாது.

காந்தம் வைத்துப் பார்த்துத் தரம் சொல்வார்கள். அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். 304இலும் காந்தம் ஒட்டாது, 202இலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, நல்ல 304 தகட்டிலேயே வளைத்த இடத்திலும் வெல்டிங் செய்த இடத்திலும் கொஞ்சம் இழுக்கும். தகடு வந்த ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) தகட்டில் அச்சிட்ட நம்பரும் ஒன்றா என்று தகடு வெட்டப்படுமுன் நேரில் போய்ப் பாருங்கள். தகட்டில் சொட்டு மருந்து விட்டு நிற மாற்றத்தைப் பார்க்கும் சோதனையும் உண்டு, துப்பாக்கி மாதிரிக் கருவியை வைத்து உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ரே சோதனையும் உண்டு. சில ஆயிரம் ரூபாய் செலவானாலும் செய்யலாம்.

வெல்டிங் செய்கிற தொட்டி என்பதால் எண்ணுக்குப் பின்னால் 'எல்' இருக்கட்டும்: 304எல், 316எல். கரி 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத ரகம் அது. கரி கூடினால் வெல்டிங் சூட்டில் குரோமியத்தை அது இழுத்துக்கொண்டுவிடும். தையலை ஒட்டிய பகுதி அப்புறம் வலுவிழந்து நிற்கும்.

முழுத் தொட்டியும் 316 ஆக வேண்டுமா? கம்பத்தில் என்றால் வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒயின் கெடாமலிருக்க கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்) சேர்க்கிறோம். அதிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு வாயு ஒயினுக்கு மேலே காலியாக உள்ள இடத்தில் தேங்கும். மேல்மூடியில் வியர்க்கும் நீர்த்துளியில் அது கரைந்து அமிலமாகும். அதனால் தொட்டி முதலில் அரிப்பது ஒயின் நிற்கிற பகுதியில் இல்லை, அதற்கு மேலே. பல ஆலைகள் உடம்பை 304எல் தகட்டிலும், கூரையையும் மேல் வளையத்தையும் 316எல் தகட்டிலும் செய்யச் சொல்வது இதற்குத்தான். சின்ன ஆலைக்கு இதுவே சரியான செலவு.

காற்றிலும் தண்ணீரிலும் உப்பு

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தூத்துக்குடிக்கு. இங்கே வீசுகிற காற்று எதைச் செய்யும் என்பதை ஜன்னல் கிராதியும் பைக் சைலன்சரும் காட்டும். எவர்சில்வரின் படலத்தை உடைப்பதும் அந்த உப்பிலுள்ள குளோரைடுதான். அது பரவலாக அரிக்காது, ஊசிமுனை அளவு குழி பறிக்கும். வெளியே சின்னப் புள்ளி தெரியும்போது உள்ளே துளை ஆழமாகப் போயிருக்கும்.

கடலுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 304 தகட்டை வெளியில் வைத்தால் பழுப்புக் கறை படியும். ஆலைக்காரர்கள் இதை டீக்கறை என்றே சொல்கிறார்கள். தாழ்வாரத்துக்குள் நனையாமல் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு: மழை படுகிற இடத்தில் உப்பு கழுவிப் போய்விடும். காற்று மட்டும் படுகிற, மழை படாத தாழ்வார ஓரத்தில்தான் உப்பு படிந்துகொண்டே போகும். எனவே கடலோர ஆலை என்றால் தொட்டிகள் அடைத்த அறைக்குள் நிற்கட்டும். அல்லது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவித் துடையுங்கள். இங்கே உடம்பும் 316எல் ஆக இருப்பது வீண்செலவு ஆகாது.

காற்றைவிடத் தண்ணீர் மோசம். ஒயின் ஆலையில் ஒயினைக் கையாளும் நேரத்தைவிடக் கழுவும் நேரம் அதிகம். எல்லாக் கழுவலும் தண்ணீரில்தான். 304க்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரையும், 316க்கு 1,000 மில்லிகிராம் வரையும் சாதாரணச் சூட்டில் பாதுகாப்பு என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 250 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை அனுமதிக்கிறது. அதாவது, குடிக்கத் தடையில்லாத தண்ணீர்கூட 304 தொட்டிக்கு ஆகாததாக இருக்கலாம். தூத்துக்குடியின் உவர்ப்பான ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தொட்டி விலை கேட்குமுன் உங்கள் இடத்துத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். குளோரைடு 200க்கு மேல் வந்தால் ஆர்.ஓ. தண்ணீருக்கு வழி செய்யுங்கள். அந்தச் செலவு தொட்டிச் செலவில் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உவர்த் தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சித் தொட்டியில் ஊற்றுவது எல்லாவற்றிலும் கேடு. 60 டிகிரிக்கு மேல் குளோரைடு எஃகில் விரிசலே உண்டாக்கும். பிளீச்சிங் பவுடரும், கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. இரண்டிலும் இருப்பது குளோரின். 1 முதல் 2 சதவீதம் காஸ்டிக் சோடா கரைசலால் கழுவி, பிறகு சிட்ரிக் அமிலக் கரைசல், பிறகு நல்ல தண்ணீர், கடைசியாக நன்றாக வடியவிட்டு உலர்த்துவது. இதுதான் முறை.

எத்தனை லிட்டர்?

இங்கேதான் பெரும்பாலோர் கணக்குத் தவறுகிறது. ஒரு டன் திராட்சையைக் காம்பு நீக்கி நசுக்கினால் தோலும் விதையும் சாறுமாக ஏறத்தாழ 900 லிட்டர் இடம் பிடிக்கும். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு நொதிக்கவைக்க வேண்டும். நொதிக்கும்போது தோல்கள் மேலே எழும்பித் தடித்த அடையாக மிதக்கும். பொங்கி வழியாமலிருக்க நாலில் ஒரு பங்காவது காலியிடம் வேண்டும். ஆக, தொட்டி 1,200 லிட்டர். நொதித்து முடிந்து பிழிந்தால் கிடைக்கும் ஒயின் 600 முதல் 700 லிட்டர். அதை அதே 1,200 லிட்டர் தொட்டியில் வைத்தால் பாதித் தொட்டி காற்று. காற்று இருந்தால் அசிட்டிக் பாக்டீரியா வேலை செய்யும், சில வாரங்களில் காடியாகிவிடும்.

ஒரே திராட்சைக்கு இரண்டு அளவுத் தொட்டி தேவைப்படுகிறது என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். நொதிக்கவைக்கும் தொட்டி அகலமாக, காலியிடத்தோடு இருக்கும். சேமிக்கும் தொட்டி விளிம்புவரை நிரம்பி நிற்கும். அடியில் படிந்த மண்டியை விட்டுத் தெளிந்ததை இறுக்க இன்னொரு காலித் தொட்டி எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். காலித் தொட்டி இல்லாத ஆலையில் ஒயினை நகர்த்தவே முடியாது.

ஒரு டன், ஒரு டன்னாகச் செய்கிறவருக்கு நான் சொல்லும் தொகுப்பு இது: அகலவாய் கொண்ட 1,200 லிட்டர் தொட்டி ஒன்று, கழுத்து வைத்து மூடிய 600 லிட்டர் தொட்டி இரண்டு, மூடி ஏறி இறங்கும் 300 லிட்டர் தொட்டி ஒன்று, மிச்சம் மீதிக்கு 50 லிட்டரும் 25 லிட்டரும் கொண்ட கேன்கள் சில. ஒரே 3,000 லிட்டர் தொட்டி வாங்குவதைவிட லிட்டர் கணக்கில் இது செலவு கூடுதல்தான். ஆனால் பெரிய தொட்டியில் ஒயின் கெட்டால் மொத்தமும் போகும். சின்னத் தொட்டிகளில் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும்.

கம்பத்துக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. ஐரோப்பாவில் அறுவடை ஆண்டுக்கு ஒரு முறை, சில வாரங்களில் முடிந்துவிடும். மொத்தப் பழமும் ஒரே சமயத்தில் வருவதால் அவர்களுக்கு நொதிக்கவைக்கும் தொட்டிகள் ஏராளமாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் அறுப்பில் இருக்கும். தோலோடு நொதிப்பது பத்து நாள் வேலை. கழுவி உலர்த்தி மறுபடி நிரப்ப இரண்டு வாரத்தில் அந்தத் தொட்டி தயார். மாதக்கணக்கில் நிரம்பிக் கிடப்பது சேமிக்கும் தொட்டிதான். ஆலை வளரும்போது முதலில் சேர்க்க வேண்டியதும் அதுவே. வெளிநாட்டுக் கையேடுகளின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டால் வேண்டாத தொட்டியில் பணம் முடங்கும்.

சூடு

நொதிப்பது சூடு கிளப்பும் வேலை. சாற்றில் ஒவ்வொரு சதவீதச் சர்க்கரையும் ஒயினின் சூட்டை ஏறத்தாழ 1.3 டிகிரி உயர்த்தும். 20 சதவீதச் சர்க்கரை என்றால் 26 டிகிரி. காலையில் 28 டிகிரியில் வந்த சாறு, சூடு வெளியேற வழியில்லாவிட்டால் 50ஐத் தாண்டும். 38, 40 டிகிரியிலேயே ஈஸ்ட் சோர்ந்து நின்றுவிடும். சர்க்கரை பாதியில் நிற்கும், கெடுக்கும் கிருமிகளுக்கு அதுவே உணவு. சின்னத் தொட்டியில் சுவர் வழியே கொஞ்சம் சூடு போகும். தொட்டி பெருக்கப் பெருக்க அதுவும் குறையும். மே மாதத் தூத்துக்குடியில் சுவருக்கு வெளியேயும் சூடுதான்.

பன்னீர் திராட்சையின் பெருமையே அதன் மணம். அந்த மணம் எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. சூட்டில் நொதித்தால் கரியமில வாயுவோடு அதுவும் வெளியே போய்விடும். தோல் நீக்கிச் செய்யும் வெள்ளை, ரோஸ் வகைகளை 12 முதல் 18 டிகிரிக்குள்ளும், சிவப்பை 22 முதல் 28 டிகிரிக்குள்ளும் நொதிக்கவைப்பது நல்லது. இதற்குத் தொட்டியின் வெளிச்சுவரில் டிம்பிள் ஜாக்கெட் என்ற இரட்டைச் சுவர் வைத்து, அதற்குள் உறையாமலிருக்கக் கிளைக்கால் கலந்த குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுவார்கள். உணவுத் தரமான புரொப்பிலீன் கிளைக்கால்தான் வேண்டும், வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

ஜாக்கெட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேலே வைத்து, தொட்டியைப் பாதி நிரப்பினால் அது காற்றைத்தான் குளிர்விக்கும். பாதி நிரப்ப நேரிடும் தொட்டிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு ஜாக்கெட் கேளுங்கள். அதற்கு வெளியே சூடு புகாத பஃப் நுரை உறை இருந்தால் மின்சாரம் நின்ற சில மணி நேரமும் குளிர் நிற்கும். உறையின் இணைப்புகள் நீர் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். உப்புக் காற்றின் ஈரம் உள்ளே போனால் யாருக்கும் தெரியாமல் எஃகு அரிக்கும். கடலோரத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் அலுமினியத் தகடுகளும் சீக்கிரம் பொடிந்துவிடும், பூச்சு போட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

பணம் நெருக்கடியாக இருந்தால் ஒரு வழி உண்டு. பால் சேகரிப்பு மையங்களில் ஓய்வுபெறும் பால் குளிர்விப்புத் தொட்டிகள் விலைக்கு வரும். நல்ல எஃகு, உணவுக்கானது, குளிர்விக்கும் இயந்திரமும் உறையும் அதிலேயே இருக்கும். நொதிக்கவைக்கவும் சாற்றைத் தெளியவைக்கவும் நன்றாக உதவும். மூடி காற்றுப் புகாமல் அடைபடாது என்பதால் சேமிக்க ஆகாது. துறைமுக ஊர் என்பதால் பழைய தொட்டிகள் பல இங்கே விலைக்குக் கிடைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்று எழுத்தில் காட்ட முடியாத எதையும் வாங்காதீர்கள்.

மூடி

மூடி ஏறி இறங்கும் தொட்டியைப் பலர் விரும்புகிறார்கள். ஒயின் மட்டத்துக்கு மூடியை இறக்கி, சுற்றிலுமுள்ள ரப்பர் டியூபில் காற்றடித்தால் இறுகிக்கொள்ளும். வசதிதான். ஆனால் டியூபில் காற்று மெல்ல இறங்கும். வாரம் ஒரு முறை அழுத்தமானியைப் பார்க்காவிட்டால் ஒயின் போச்சு. ஆறு மாதம் வைக்க வேண்டிய ஒயினைக் கழுத்து வைத்து மூடிய தொட்டியில் வையுங்கள். கழுத்துவரை நிரப்பினால் காற்றுப் படும் பரப்பு ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். கழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. 10 டிகிரி சூடு ஏறினால் 1,000 லிட்டர் ஒயின் ஏறத்தாழ 3 லிட்டர் விரியும். அந்த விரிவுக்கு இடம் தருவது கழுத்துதான்.

மூடியில் உள்ளே காற்று விடவும் வெளியே விடவும் செய்கிற வால்வு கட்டாயம். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டு அடியில் பம்ப் போட்டு இறைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் முழு அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன். அதில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசமே 2 மில்லிமீட்டர் தகட்டை உள்ளே நசுக்கப் போதும்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

வெளிப்பக்க மினுமினுப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே பாருங்கள். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது உட்புறத்திலும் ஆர்கான் விட்டிருந்தால் தையல் வழுவழுப்பாக இருக்கும். விடாதிருந்தால் கருகிச் சொரசொரவென்று இருக்கும். பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், நூல் பிடித்தால் அந்த இடத்தில் மண்டியும் கிருமியும் தங்கும். தையலின் இருபுறமும் நீலமோ பழுப்போ தெரிந்தால் படலம் அங்கே கெட்டுவிட்டது என்று பொருள். பிக்ளிங் பேஸ்ட் போட்டுச் சுத்தம் செய்து, படலத்தை மீட்கும் பாசிவேஷன் செய்தபிறகே எடுப்பேன் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

நம்மூர்ப் பட்டறைகளில் ஒரே கூரைக்குக் கீழே படகுக்கு இரும்பு வேலையும் ஓட்டலுக்கு எவர்சில்வர் வேலையும் நடக்கும். இரும்பைக் கிரைண்டரில் தேய்க்கும்போது பறக்கும் பொறி எவர்சில்வரில் ஒட்டினால் அந்த இடம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரைத் தெளித்து ஒரு நாள் ஈரமாக வைத்துப் பாருங்கள், துருப்புள்ளி தானே காட்டிக்கொடுக்கும். எவர்சில்வருக்கெனத் தனி இடமும் தனித் தேய்ப்புக் கல்லும் வைத்திருக்கும் பட்டறைக்கே வேலை கொடுங்கள்.

அடிப்பகுதி சாய்வாக இருக்க வேண்டும், கடைசிச் சொட்டும் வடிய வேண்டும். வால்வு இரண்டு வேண்டும்: மிகத் தாழ்ந்த இடத்தில் முழுதும் வடிக்க ஒன்று, மண்டிக்கு மேலே தெளிவை எடுக்க ஒன்று. பந்து வால்வு (ball valve) விலை குறைவு, ஆனால் உருண்டைக்குப் பின்னால் ஒயின் தங்கிப் புளிக்கும். பட்டர்ஃபிளை வால்வும், மரை இல்லாத கிளாம்ப் இணைப்பும் கழற்றிக் கழுவ எளிது. வெப்பமானிக்குக் குழி, மாதிரி எடுக்கச் சின்னக் குழாய், அடியில் வாளியும் ஹோசும் நுழையும் உயரத்துக்குக் கால்கள். இவற்றைத் தொட்டி வந்தபிறகு சேர்க்க நினைத்தால் மறுபடி வெல்டிங், மறுபடி ஒரு பலவீனம்.

தொட்டி வந்ததும் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி ஒரு நாள் கசிவு பாருங்கள். பார்த்ததும் வடித்து உலர்த்திவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வாரக்கணக்கில் விட்டால் ஒயின் ஊற்றுமுன்பே குழி விழும்.

உயிர்

ஒரு லிட்டர் சாறு நொதித்து முடியும்போது ஏறத்தாழ 50 லிட்டர் கரியமில வாயு வெளிவருகிறது. 1,000 லிட்டர் சாறு என்றால் 50,000 லிட்டர். நாலு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை அடைக்க அது போதும். நிறமில்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையிலும் தொட்டிக்குள்ளும் தேங்கும். தோலை அள்ள உள்ளே இறங்குகிறவர் இரண்டு மூச்சில் மயங்குவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் மயங்குவார். விளக்கை இறக்கிப் பார்ப்பதை நம்பக்கூடாது, விளக்கு எரிகிற காற்றும் ஆளைச் சாய்க்கும். எனவே அடியில் அகலமான கதவு வைத்து, வெளியே நின்றபடியே தோலை இழுத்தெடுக்கும் தொட்டி கேளுங்கள். அறைக்குத் தரைமட்டத்தில் காற்றிழுக்கும் விசிறியும் வாயு அளக்கும் கருவியும் வையுங்கள்.

தண்ணீர்ச் சோதனை, ஆலைச் சான்றிதழ், உட்தையல், குளிர்விக்கும் ஜாக்கெட், அடிக்கதவு: இந்த ஐந்தும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. கையிலுள்ள பணம் போதாவிட்டால் லிட்டரைக் குறையுங்கள், இந்த ஐந்தில் எதையும் குறைக்காதீர்கள். 600 லிட்டர் நல்ல தொட்டியோடு தொடங்கியவர் இரண்டாம் ஆண்டில் இன்னொன்று வாங்கலாம். மலிவான 3,000 லிட்டர் தொட்டியில் முதல் ஆண்டு ஒயினைக் காடியாக்கியவருக்கு இரண்டாம் ஆண்டு என்பதே கடினம்.